தாளில் ஆறு நட்சத்திரங்கள்

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், மலை மாதேசுவரர் மலைக்கு அருகே இருக்கிறது மார்டள்ளி. தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்த ஊர். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமையும்வரை இந்தக் கொள்ளேகால் வட்டாரம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. இங்குள்ளவர்களுக்கு வீட்டில் தமிழ், ஆஸ்பத்திரியில் கன்னடம், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஆங்கிலம். மூன்றாவது மொழியில் வரும் அந்தத் தாள்தான் பெற்றோரை அதிகம் பயமுறுத்துகிறது.

இந்த ஊரில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் தவறாமல் சளி பிடிக்கிறது. போன வாரம் காய்ச்சல் வந்து போனது. ராத்திரியில் இருமுகிறாள். “எதுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் பார்த்துடலாம்” என்கிறார் டாக்டர். மறுநாள் ரிப்போர்ட் வருகிறது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.1 கிராம். சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 73. வெள்ளை அணுக்கள் மொத்தம் 10,800. அவற்றில் நியூட்ரோஃபில் 45 சதவீதம், லிம்போசைட் 44, ஈசினோஃபில் 9, மோனோசைட் 2. தட்டணுக்கள் 4.7 லட்சம். ஈ.எஸ்.ஆர். 24. ஹீமோகுளோபின், எம்.சி.வி., லிம்போசைட், ஈசினோஃபில், தட்டணு, ஈ.எஸ்.ஆர். ஆகிய ஆறுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழுந்திருக்கிறது.

எதுவும் எல்லையைப் பெரிதாகத் தாண்டவில்லை. ஆனாலும் ஆறு குறிகள். இருமுகிற குழந்தை என்பதால் எல்லோர் நினைப்பும் நுரையீரலுக்குத்தான் போகிறது. இந்தத் தாளைப் பொறுமையாக ஒரு முறை படித்துப் பார்ப்போம். கொஞ்சம் தவறிய எண்கள் எப்போது பேசுகின்றன, எப்போது வெறுமனே தாளில் கிடக்கின்றன என்பது அப்போது புரியும். நுரையீரலைப் பற்றி அறிய வேறு எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியவரும்.

யாருடைய நார்மல்?

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ எல்லை எங்கிருந்து வருகிறது? ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தை எடுத்து அளக்கிறார்கள். கிடைத்த எண்களை வரிசைப்படுத்தி, மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் எஞ்சும் 95 சதவீதத்தை எல்லையாக வைக்கிறார்கள். பின்லாந்து விஞ்ஞானிகள் ரால்ஃப் கிரேஸ்பெக்கும் நில்ஸ்-எரிக் சாரிஸும் 1969இல் இதற்கு ‘ஒப்பீட்டு மதிப்பு’ என்று பெயர் வைத்தார்கள். ‘நார்மல்’ என்று சொன்னால், வெளியே இருப்பதெல்லாம் நோய் என்று ஆகிவிடும் என்பதே அவர்கள் கவலை. அந்தக் கவலை நியாயமானது. வெட்டப்பட்ட அந்த ஐந்து சதவீதத்தினரும் ஆரோக்கியமானவர்கள்தாம்.

இதிலிருந்து ஒரு கணக்கு பிறக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 அளவுகளை ஒருவருக்குப் பார்த்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் குறைந்தது ஒன்றாவது எல்லைக்கு வெளியே விழ 64 சதவீத வாய்ப்பு உண்டு. ரத்த அணுப் பரிசோதனையின் எண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் திசை அதுதான்: அதிகம் தேடினால் அதிகம் நட்சத்திரம் விழும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. பல லேப்களில் குழந்தையின் ரிப்போர்ட்டிலும் பெரியவர்களின் எல்லையே அச்சாகிறது. குழந்தையின் ரத்தமோ வயதுக்கு வயது மாறிக்கொண்டே போவது. பிறந்த நாளில் நியூட்ரோஃபில்தான் அதிகம். முதல் வாரத்திலேயே லிம்போசைட் அதை முந்திவிடுகிறது. நான்கைந்து வயதுவாக்கில் இரண்டும் சமமாகி, பிறகு நியூட்ரோஃபில் மறுபடி மேலே போகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு லிம்போசைட் 60 சதவீதம் இருப்பது அந்த வயதின் இயல்பு. எலும்பு வளரும் வயதில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் பெரியவர்களைவிட மிக அதிகமாக இருக்கும். பெரியவர்களின் எல்லையோடு ஒப்பிட்டால் வளர்வதே கோளாறு போலத் தெரியும்.

ரத்தம் எடுத்த நேரத்தையும் பார்க்க வேண்டும். ஊசியைப் பார்த்துக் கதறி அழும் குழந்தைக்கு அந்த நேரத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஏறும். ஈசினோஃபில் காலையில் குறைந்து இரவில் கூடும். ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் அது இறங்கிவிடும். டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலில் ஏறக்குறைய மறைந்தே போகும்.

ஆறு இரண்டாகிறது

இப்போது சிறுமியின் தாளுக்கு வருவோம்.

லிம்போசைட் 44: ஆறு வயதுக்கு இது இயல்பு. முதல் நட்சத்திரத்தை அழித்துவிடலாம்.

ஈ.எஸ்.ஆர். 24: குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகின்றன என்பதே ஈ.எஸ்.ஆர். போன வாரக் காய்ச்சலும் அதைக் கூட்டும், ரத்தசோகையும் கூட்டும். “ஈ.எஸ்.ஆர். கூட இருக்கு, டி.பி.யா இருக்குமோ” என்ற பயம் நம் ஊர்களில் பழையது. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக் காசநோய் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது.

தட்டணு 4.7 லட்சம்: சமீபத்திய தொற்றிலும் இரும்புச்சத்துக் குறைவிலும் குழந்தைகளுக்குத் தட்டணு கூடும். காரணம் சரியானால் தானே இறங்கும்.

எஞ்சுவது மூன்று. அவற்றில் ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும் ஒரே கதையின் இரண்டு வரிகள். ஐந்து முதல் பதினொரு வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கீழ் எல்லை 11.5 கிராம். எம்.சி.வி.க்குக் குழந்தை மருத்துவர்கள் மனக்கணக்காகச் சொல்லும் கீழ் எல்லை, 70உடன் வயதைக் கூட்டி வருவது. ஆறு வயதுக்கு அது 76. இவளுக்கு இரண்டுமே குறைவு. சிவப்பணு சிறுத்து ஹீமோகுளோபினும் குறைந்தால் முதல் சந்தேகம் இரும்புச்சத்துக் குறைவு. அடுத்தது, பெற்றோரிடமிருந்து வந்திருக்கக்கூடிய தலசீமியா கூறு. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து 13க்குக் கீழே வந்தால் இரண்டாவதை நினைக்க வேண்டும் என்பது 1973இல் மென்ட்சர் தந்த எளிய வழி. கடைசிச் சொல் அதற்கான தனிப் பரிசோதனையுடையது.

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019–21 சுற்றில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் கர்நாடகத்தில் 65.5 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். இத்தனை பரவலாக இருப்பதாலேயே ‘லேசான ரத்தசோகை’ என்று கடந்துபோய்விடுகிறோம். இந்தத் தாளில் உறுதியாக மருத்துவம் வேண்டிய குறி இதுதான். இருமலுக்காக எடுத்த ரத்தம், இருமலோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு குறையைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

மூச்சுக்கும் ரத்தத்துக்கும் ஒரு பாலம் உண்டு. நுரையீரல் வாங்கும் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது மிகவும் குறைந்துபோன குழந்தை விளையாடும்போது மூச்சு வாங்கினால், கோளாறு நுரையீரலில் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் 11.1இல் அப்படி மூச்சு வாங்காது. இவளுக்கு மூச்சு வாங்கினால் வேறு காரணம் தேட வேண்டும்.

இப்படி ஆறு குறிகள் இரண்டு கேள்விகளாகச் சுருங்கின. ஒன்று இரும்பு. மற்றொன்று, நம் வீடுகளில் எல்லோரும் பெயர் சொல்லிப் பேசும் ஈசினோஃபில்.

‘ஈஸ்னோபீலியா’ வந்த வழி

“பிள்ளைக்கு ஈஸ்னோபீலியா இருக்கு” என்று சொல்லாத தமிழ்த் தெரு குறைவு. அடிக்கடி சளி, அடுக்குத் தும்மல், இரவு இருமல் எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் போதும். இது இங்கே இவ்வளவு வேரூன்றியதற்கு உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது.

ஜெர்மனியில் பால் எர்லிக் 1879இல் ரத்தத் துளிக்கு ஈயோசின் சாயம் ஏற்றியபோது, சில வெள்ளை அணுக்களின் உள்ளே சிவந்த மணிகள் தெரிந்தன. அவைதான் ஈசினோஃபில்கள். புழுக்களை எதிர்ப்பதிலும் ஒவ்வாமையிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு என்பது பின்னர் விளங்கியது.

அறுபது ஆண்டுகள் கழித்து, அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் ஒரு புதிர் எழுந்தது. டேனிஷ் மிஷன் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லரிடம் இருமலும் இளைப்புமாகச் சிலர் வந்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாக நிழல். பார்த்தால் காசநோய் போலவே இருந்தது. சளியிலோ காசநோய்க் கிருமி இல்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் மட்டும் எக்கச்சக்கம். அவரும் பார்ட்டனும் 1940இல் இதை எழுதினார்கள். மும்பையில் மருத்துவம் பார்த்த வைங்கார்ட்டன் 1943இல் ‘லான்செட்’ இதழில் இதே நோயை விவரித்து ‘வெப்பமண்டல ஈசினோபீலியா’ என்று பெயரிட்டார். ஆர்சனிக் கலந்த மருந்துக்கு அது கட்டுப்படுவதையும் கண்டார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய வழிகாட்டலில் 1947இல் யானைக்கால் புழுவுக்கு எதிராக டைஎதில்கார்பமசின் மருந்து வந்தது. ஹெட்ரசான் என்ற பெயரில் விற்கப்பட்டது. நம் மருந்துக்கடைகளில் பானோசைடு. சிங்கப்பூரில் மருத்துவர் தம்பு தனராஜ் 1958இல் இதே மருந்து இந்த நுரையீரல் நோயையும் அடக்குகிறது என்று காட்டினார். யானைக்கால் புழுவின் குஞ்சுகளை உடல் மிகையாக எதிர்த்து, அவற்றை நுரையீரலிலேயே பிடித்து வைத்துப் போராடுவதுதான் இந்த நோய். 1987இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி.கே. விஜயனும் வி. குமாரசாமியும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, இந்த நோயாளிகளின் நுரையீரலுக்குள் உப்புநீரைச் செலுத்தி மீட்டு ஆராய்ந்தார்கள். அந்த நீரில் வந்த அணுக்களில் ஏறக்குறையப் பாதி ஈசினோஃபில்கள்.

தெற்காசிய மருத்துவத்தின் பெருமைக்குரிய கதை இது. ஆனால் இதிலிருந்து தெருவுக்கு வந்து சேர்ந்தது பெயரும் மாத்திரையும் மட்டுமே. அளவு வந்து சேரவில்லை. அந்த நோயில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோஃபில் 3,000க்கு மேல் இருக்கும். இரவில் கடும் இருமல், இளைப்பு, எடைக்குறைவு, யானைக்கால் புழுவுக்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் மிக அதிகம் என்று எல்லாம் சேர்ந்து வரும். அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் இளைஞர்கள். சிறு குழந்தைகளிடம் அரிது.

நம் சிறுமிக்கு எவ்வளவு? இங்கே சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். டாக்டர்கள் ஏ.இ.சி. என்பது அதைத்தான். மொத்த வெள்ளை அணு 10,800இல் 9 சதவீதம் என்றால் 972. இதே 9 சதவீதம், மொத்தம் 5,000 உள்ள குழந்தைக்கு 450தான். அது இயல்புக்குள் அடங்கும். 500 வரை இயல்பு, 500 முதல் 1,500 வரை லேசான உயர்வு, 5,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்பது பொதுவான பிரிவு. இவளுடையது லேசான உயர்வு. இதற்குப் போய் மூன்று வாரம் பானோசைடு கொடுப்பது, வராத நோய்க்குச் சிகிச்சை. அதைவிடப் பெரிய நஷ்டம், உண்மையான காரணத்தைத் தேடும் வேலை அன்றோடு நின்றுபோவது.

காலடியிலிருந்து நுரையீரலுக்கு

லேசான உயர்வுக்கு நம் கிராமங்களில் இரண்டு காரணங்கள் முதலில் நிற்கும்: குடல் புழு, ஒவ்வாமை.

குடல் புழு என்றாலும் அது குடலோடு நிற்பதில்லை. ஜப்பானிய மருத்துவர் ஷிமேசு கொய்னோ 1922இல் உருண்டைப் புழுவின் 2,000 முட்டைகளைத் தானே விழுங்கினார். சில நாளில் நிமோனியா போலக் காய்ச்சலும் இருமலும் வந்தன. அவர் துப்பிய சளியில் புழுவின் இளம்பருவங்கள் நெளிந்தன. முட்டை குடலில் பொரிகிறது. குஞ்சு குடல் சுவரைத் துளைத்து, கல்லீரல் வழியாக ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கு வருகிறது. அங்கே வளர்ந்து தொண்டைக்கு ஏறி, மறுபடி விழுங்கப்பட்டுக் குடலுக்குத் திரும்பிய பிறகே முழுப் புழுவாகிறது. நுரையீரலில் நிழல்கள் தோன்றித் தானே மறையும் நோயாளிகளைச் சூரிச்சில் வில்ஹெல்ம் லோஃப்லர் 1932இல் விவரித்தார். இந்தப் பயணமே அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் உறுதியானது.

இதில் டாக்டருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் ஒரு நுட்பம் இருக்கிறது. குஞ்சுகள் நுரையீரலைக் கடக்கும்போதுதான் ஈசினோஃபில் அதிகம் ஏறும். அந்த நாட்களில் மலத்தைப் பரிசோதித்தால் முட்டை தெரியாது, ஏனென்றால் முட்டையிடும் புழு இன்னும் உருவாகவே இல்லை. “மலத்தில் ஒன்றும் இல்லை” என்ற ஒரு ரிப்போர்ட்டால் புழு இல்லை என்று ஆகிவிடாது.

கொக்கிப்புழுவின் வழி வேறு. மண்ணில் இருக்கும் அதன் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய், அங்கே ரத்தம் உறிஞ்சுகிறது. இப்போது சிறுமியின் தாளைத் திரும்பப் பாருங்கள். தனித்தனியாக நின்ற இரண்டு கேள்விகளும் ஒரே விடையில் சேரக்கூடும். ஈசினோஃபில் உயர்வும் இரும்புச்சத்துக் குறைவும் ஒரே புழுவின் வேலையாக இருக்கலாம். உறுதி என்று சொல்லவில்லை. ஆனால் அவள் செருப்பில்லாமல் வயலிலும் தோட்டத்திலும் ஓடுகிறாளா, கழிப்பறை இருக்கிறதா, கடைசியாகப் பூச்சி மாத்திரை எப்போது சாப்பிட்டாள் என்ற கேள்விகள், இன்னொரு முறை ரத்தம் எடுப்பதைவிட அதிகம் சொல்லும்.

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியது. பிப்ரவரி 10ஆம் தேதி ஒன்று முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் தருகிறார்கள். பல இடங்களில் ஆகஸ்டிலும் உண்டு. ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை இளஞ்சிவப்பு நிறத்தில் இரும்புச்சத்து மாத்திரை. வாயில் போட்டுப் பார்த்துத் துப்பிவிடும் பிள்ளைகளை எல்லாப் பள்ளிகளிலும் பார்க்கலாம். இந்த இரண்டு எளிய மாத்திரைகளையும் முழுமையாக விழுங்கவைப்பது பெரிய மருத்துவம்.

மற்றொரு காரணம் ஒவ்வாமை. அதன் கடுமையான முகம் ஆஸ்துமா. ஊர்ப் பேச்சில் இளைப்பு, இப்போது ‘வீசிங்’. ஈசினோஃபில் கூடியிருப்பதால் ஆஸ்துமா என்று முடிவுகட்ட முடியாது. சரியாக இருப்பதால் ஆஸ்துமா இல்லை என்றும் சொல்ல முடியாது. விடியற்காலை இருமல், ஓடினால் சிரித்தால் இருமல், மூச்சு விடும்போது விசில் சத்தம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இளைப்பு, மருந்து இழுத்ததும் நிம்மதி ஆகியவைதான் அதன் அடையாளங்கள். ஐந்தாறு வயதுக்கு மேல் குழந்தையால் ஊதிக் காட்ட முடியும் என்பதால் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் உதவும்.

இங்கே ஒரு பயத்தையும் போக்க வேண்டும். “பம்பு வெச்சா பழக்கமாயிடும்” என்று இன்ஹேலரை மறுத்து, சிரப்பும் மாத்திரையும் கேட்கும் பெற்றோர் பலர். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இளைப்பு முற்றும்போது வாய் வழியே தரும் ஸ்டீராய்டு ஒரு நாளைக்குச் சுமார் 20 மில்லிகிராம். தடுப்பாக இன்ஹேலரில் இழுப்பது 200 மைக்ரோகிராம் அளவில், அதாவது அதில் நூறில் ஒரு பங்கு. அந்தச் சிறிய அளவும் நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது.

மூச்சை எண்ணுங்கள்

நுரையீரலின் நிலையைத் தெரிந்துகொள்ள ரத்தத்தைவிட நெருக்கமான வழி, மூச்சை எண்ணுவது. மருத்துவர் ஃபிராங்க் ஷான் பப்புவா நியூகினியில் இதைச் செய்து காட்டினார். வேலூர் சி.எம்.சி.யில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் குழுவினர் 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்: மூச்சின் வேகத்தையும் மார்புக்கூடு உள்ளே குழிவதையும் பார்த்தே நிமோனியாவைச் சாதாரணச் சளியிலிருந்து பிரித்துவிடலாம். ஆஷா பணியாளரும் அம்மாவும் பயன்படுத்தக்கூடிய கருவி இப்படித்தான் உறுதிப்பட்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைகள் இவை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. மூச்சு இந்த எண்ணையோ இதற்கு மேலோ போனால் உடனே மருத்துவமனை. அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது, சட்டையை விலக்கி, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஐந்து வயது தாண்டிய நம் சிறுமிக்கும் மூச்சில் வேகம், விலாவுக்குக் கீழே குழிதல், பேச முடியாமல் திணறுதல், உதடு நீலம் பாரித்தல் ஆகியவை ஆபத்து அறிகுறிகளே. இவற்றில் ஒன்று இருந்தால், ரிப்போர்ட் முழுக்க நார்மல் என்றாலும் காத்திருக்கக் கூடாது.

காசநோயைத் தேடவும் இதே பார்வைதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ, எடை குறைதல் அல்லது மூன்று மாதமாக எடை ஏறாமை, கடந்த இரண்டு ஆண்டில் வீட்டிலோ பக்கத்திலோ ஒருவருக்குக் காசநோய். இப்படி ஏதாவது இருந்தால் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் வேண்டும். அரசு மருத்துவமனையில் அவை இலவசம்.

மைசூர் சொன்னது

ரத்தம் அந்த நாளின் நிலையைச் சொல்கிறது. நுரையீரலோ ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கட்டப்படுவது. பிறக்கும்போது காற்று நுண்ணறைகள் இரண்டு முதல் ஐந்து கோடி. வளர்ந்தவருக்கு முப்பது முதல் ஐம்பது கோடி. அதில் பெரும்பகுதி முதல் சில ஆண்டுகளில் உருவாகிறது.

இந்தக் கட்டுமானத்தைப் பற்றிய முக்கியமான இந்தியச் சான்று மைசூரிலிருந்தே வந்தது. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றைக் குறித்துப் பாதுகாத்து வந்தார்கள். அங்கே பிறந்து, 38 முதல் 59 வயதை எட்டிய 286 பேரைத் தேடிப்பிடித்து அவர்களின் மூச்சுத் திறனை அளந்தார்கள் கிளாடியா ஸ்டெயின், குமரன், கரோலின் ஃபால், டேவிட் பார்க்கர் உள்ளிட்டோர். 1997இல் முடிவு வெளியானது. பிறந்த எடை ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், குறையக் குறைய, ஒரே விநாடியில் ஊதி வெளியேற்றும் காற்று ஆண்களுக்கு 0.09 லிட்டரும் பெண்களுக்கு 0.06 லிட்டரும் குறைந்தது. கருவில் கிடைத்த வளர்ச்சி, பிள்ளையின் ஐம்பதாவது வயது மூச்சிலும் தெரிகிறது என்பதே இதன் பொருள்.

இளமையில் குறைவாகக் கட்டப்பட்ட நுரையீரல் முதுமையில் சீக்கிரம் தடுமாறும். பீட்டர் லாங்கே குழு 2015இல் காட்டியதுபோல, நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் நாற்பது வயதுக்கு முன்பே குறைந்த மூச்சுத் திறனோடு இருந்தவர்கள்.

புகை இதற்குள் வருகிறது. மைசூர் ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியின் பி.ஏ. மகேஷ் குழு, மைசூர் மாவட்டக் கிராமப் பெண்களை ஆராய்ந்து 2013இல் ஓர் எண்ணைத் தந்தது. விறகு அடுப்பின் முன் நாளொன்றுக்கு இருக்கும் மணி நேரத்தை ஆண்டுகளால் பெருக்குங்கள். 60 வந்துவிட்டால் நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சிக்கான வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. தினம் மூன்று மணி நேரம், இருபது ஆண்டு. நம் கிராமங்களில் எத்தனையோ அம்மாக்கள் நாற்பது வயதுக்குள் இதைத் தாண்டிவிடுகிறார்கள். அவர்களின் இடுப்பிலும் மடியிலும் இருந்த குழந்தையும் அதே புகையைத்தான் இழுத்தது.

காற்று சுத்தமானால் நுரையீரல் நன்றி காட்டும் என்பதற்கும் சான்று உண்டு. தெற்குக் கலிஃபோர்னியாவில் வெவ்வேறு ஆண்டுகளில் மூன்று குழுப் பள்ளிப் பிள்ளைகளை அளந்தார்கள். காற்றின் மாசு குறையக் குறைய, பதினைந்து வயதில் மூச்சுத் திறன் மிகக் குறைந்திருந்த பிள்ளைகள் 7.9 சதவீதத்திலிருந்து 6.3 ஆகி, கடைசியில் 3.6 சதவீதமாகக் குறைந்தார்கள். 2015இல் வந்த இந்த முடிவு எந்த மாத்திரையாலும் கிடைத்ததன்று.

தாளை மடித்து வைக்கும் முன்

சிறுமியின் டாக்டர் என்ன செய்வார்? மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார். எடையும் உயரமும் பார்ப்பார். இரும்புச்சத்து மருந்து தொடங்குவார். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடரச் சொல்வார். பூச்சி மாத்திரை தருவார். களியோடு கீரையும் பயறும் எலுமிச்சையும் சேருங்கள், சாப்பாட்டோடு டீ வேண்டாம் என்பார். இரவு இருமல் ஆஸ்துமாவாக இருக்குமா என்று கேள்விகளால் தேடுவார். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மீண்டும் ஒரு முறை ரத்தம் பார்ப்பார். ஒரு புள்ளியைவிட இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான போக்கு அதிகம் சொல்லும்.

பெற்றோர் கேட்க வேண்டியவை நான்கு. இந்த எல்லை என் பிள்ளையின் வயதுக்கானதா? சதவீதம் இருக்கட்டும், எண்ணிக்கை எவ்வளவு? ரத்தம் எடுத்தபோது காய்ச்சலோ மருந்தோ இருந்ததா? மறுபடி எப்போது பார்க்கலாம்? சில எண்கள் காத்திருக்க விடாதவை என்பதும் நினைவிருக்கட்டும். ஈசினோஃபில் 1,500க்கு மேல் தொடர்ந்து நிற்பது, ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போவது, தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது, முதிராத வெள்ளை அணுக்கள் தென்படுவதாக லேப் எழுதுவது. இவற்றோடு மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும்.

மற்ற லேசான நட்சத்திரங்களுக்காக நாம் படும் கவலையில் ஒரு பகுதியை இடம் மாற்றிவைத்தால் போதும். நிமோகாக்கல் தடுப்பூசி ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் ஒன்பதாவது மாதத்திலும் போடப்படுகிறது. 2021 முதல் நாடு முழுவதும் இலவசம். அட்டையில் மூன்றும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் யாரும் பீடி பிடிக்காமல் பாருங்கள். அடுப்புப் புகைக்கு வெளியே போக வழி செய்யுங்கள். கேஸ் இருந்தும் சிக்கனத்துக்காக விறகு எரிந்தால், குழந்தையை அங்கிருந்து தள்ளி வையுங்கள். காலுக்குச் செருப்பு வாங்கிக் கொடுங்கள். இவற்றில் எதுவும் ரிப்போர்ட்டில் அச்சாவதில்லை. ஆனால் மார்டள்ளிச் சிறுமி அறுபது வயதில் மலை மாதேசுவரர் மலைப் படிகளில் மூச்சிரைக்காமல் ஏறுவாளா என்பதை இவையே தீர்மானிக்கின்றன.